தரைவீட்டுத் தோட்ட வேலை: செலவு, உரிமம், அனுமதி குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் வீட்டுத் தோட்டத்தைச் சீரமைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் செடியின் விலையிலிருந்து கணக்குப் போடத் தொடங்குகிறார்கள். ஆனால் இறுதித் தொகையைக் கூட்டுவதும் குறைப்பதும் மண், வடிகால், வேலையாட்கள், வெட்டவேண்டியிருக்கும் மரம் ஆகியவைதான். அனுமதியின்றி நடக்கும் வேலைக்குக் குத்தகையாளர் (வேலையை ஒப்பந்தத்தில் எடுத்துச் செய்பவர்) மட்டும் பதில் சொன்னால் போதும் என்று எண்ணுவதும் தவறு. பல சட்டங்களில் வீட்டுக்காரரும் சேர்ந்தே மாட்டிக்கொள்வார். கீழுள்ள பதில்கள் முதன்மையாகத் தரைவீட்டுக்காரர்களுக்காக, அதாவது அடுக்குமாடியில் இல்லாமல் நிலத்தோடு கூடிய வீடுகளில் இருப்போருக்காக எழுதப்பட்டவை. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளுக்கும் கூட்டுரிமை (கொண்டோமினியம்) வீடுகளுக்கும் உரிய கேள்விகள் பின்பகுதியில் உள்ளன.

தோட்ட வேலை செய்யும் நிறுவனத்துக்கென்று தனி உரிமம் இருக்கிறதா?

புல் பதிப்பதற்கும் செடி நடுவதற்கும் மட்டும் தனியானதொரு தொழில் உரிமம் கிடையாது. நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான அக்ராவில் நிறுவனம் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். அதன் பதிவெண்ணை பிஸ்ஃபைல் இணையத்தளத்தில் எவரும் சரிபார்க்கலாம். விலைப்புள்ளியில் அந்த எண் இல்லாவிட்டால் மேற்கொண்டு பேசவே வேண்டியதில்லை.

இதற்கு மேல் இரண்டு பட்டியல்கள் உண்டு. ஒன்று, தேசியப் பூங்காக் கழகம் நடத்தும் நிலவனப்பு (தோட்ட அமைப்பு) நிறுவனப் பதிவேடு. மற்றொன்று, கட்டட, கட்டுமான ஆணையத்தின் குத்தகையாளர் பதிவு முறை. அதில் நிலவனப்புக்குரிய பிரிவு எஃப்எம்03 என்று குறிக்கப்பட்டு, எல்1 முதல் எல்6 வரை தரம் பிரிக்கப்பட்டிருக்கும். இந்த இரண்டாவது பதிவு பொதுத்துறைக் குத்தகைகளுக்கு ஏலக்குறிப்பு தருவதற்கானது. ஆகவே, உங்கள் வீட்டுக்கு வரும் சிறு நிறுவனத்திடம் அது இல்லை என்பதற்காக அதைச் சட்டவிரோத நிறுவனம் என்று நினைக்கக்கூடாது. அதேபோல், “நாங்கள் அரசாங்கப் பதிவு பெற்றவர்கள்” என்று ஒருவர் மார்தட்டினால், எந்தப் பட்டியல், எந்தத் தரம் என்று கேட்டுவிடுவது நல்லது. ஐம்பது மரங்களைப் பராமரிக்கும் ஒரு நிறுவனத்துக்கு உங்கள் வீட்டின் இரண்டு சென்ட் நிலத்தில் அக்கறை இருக்கும் என்பதற்கு அந்தப் பதிவு உத்தரவாதம் அல்ல.

அப்படியானால் எந்த வேலைக்குத்தான் உரிமம் பெற்றவர் வேண்டும்?

தோட்டத்துக்குள் நடந்தாலும் தோட்ட வேலையாகக் கருதப்படாத வேலைகளுக்கு வேண்டும். சொட்டுநீர்க் குழாயை வீட்டின் குடிநீர்க் குழாயோடு நிரந்தரமாக இணைப்பதைப் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் உரிமம் பெற்ற குழாய்ப் பணியாளரே செய்ய வேண்டும். தோட்ட விளக்குக்கு மின்கம்பி இழுப்பது, எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளரின் வேலை. சூரிய ஒளியில் எரியும் சிறு விளக்குகளை மண்ணில் செருகுவதற்கு யாரும் தேவையில்லை. கொசு மருந்து அடிக்கத் தேசிய சுற்றுப்புற வாரியத்தின் உரிமம் பெற்ற நிறுவனம் வேண்டும். தடுப்புச் சுவர் போன்ற கட்டுமானத்துக்கு அனுமதி தேவைப்பட்டால், அதற்கு நிபுணத்துவப் பொறியாளரும் உரிமம் பெற்ற கட்டுமான நிறுவனமும் உள்ளே வருவார்கள்.

நல்ல குத்தகையாளர் இவற்றைத் தன் ஆட்களே செய்துவிடுவார்கள் என்று சொல்லமாட்டார். விலைப்புள்ளியில் தனி வரியாக, யார் செய்வார் என்பதோடு எழுதித் தருவார். எல்லாம் “ஒட்டுமொத்தமாக” என்ற ஒரே வரிக்குள் அடங்கியிருந்தால், கம்பியையும் குழாயையும் புல் பதிக்க வந்தவரே இணைக்கப்போகிறார் என்று பொருள் கொள்வதில் தவறில்லை.

பள்ளம் தோண்டுவதிலும் ஓர் ஆபத்து உண்டு. வெளியிலிருந்து வீட்டுக்கு வரும் மின்கம்பி பல தரைவீடுகளில் வாயிற்கதவை ஒட்டி நிலத்தடியில் ஓடுகிறது. மரக்குழி வெட்ட அனைவரும் விரும்பும் இடமும் அதுவே. மண்வெட்டியாலோ சிறு இயந்திரத்தாலோ அங்கே கைவைப்பதற்கு முன், உரிமம் பெற்ற மின்கம்பி கண்டறியும் பணியாளரை அழைத்துப் பார்க்கச் சொல்லவேண்டும்.

விலைப்புள்ளிகள் மூன்று வாங்கினேன்; ஒன்றுக்கொன்று இரு மடங்கு வித்தியாசம் இருக்கிறது. ஏன்?

மூவரும் ஒரே வேலைக்கு விலை சொல்லவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். நாற்பது சதுர மீட்டர் பின்புறத் தோட்டத்தில் புல் பதிக்கவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அது ஏறத்தாழ 430 சதுர அடி. முதல் குத்தகையாளர் பழைய மண்ணின் மேல் ஐந்து சென்டிமீட்டர் புதுமண் பரப்புகிறார். அதற்கு 2 கன மீட்டர் மண் போதும். இரண்டாமவர் பதினைந்து சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பழைய மண்ணை அகற்றிவிட்டுப் புதுமண் போடுகிறார். அவருக்கு 6 கன மீட்டர் மண் உள்ளே வரவேண்டும், அதே அளவு வெளியே போகவும் வேண்டும். பதித்து முடித்த அன்று எடுக்கும் புகைப்படத்தில் இரண்டு தோட்டங்களும் ஒன்றுபோலவே இருக்கும். மூன்று மாதம் கழித்துத்தான் முதல் தோட்டத்தில் தண்ணீர் தேங்கிப் புல் மஞ்சளிக்கும்.

ஆறு கன மீட்டர் மண் என்பது தாளில் சிறிய எண். வரிசைவீட்டின் நடுவீடாக இருந்து, பின்புறத்துக்குப் பக்கவழி இல்லாவிட்டால், அத்தனை மண்ணும் தள்ளுவண்டியில் வரவேற்பறையைக் கடந்துதான் போகவேண்டும். போக ஏறத்தாழ நூறு நடை, அள்ளிய மண்ணோடு வர இன்னொரு நூறு நடை. தரைக்கு விரிக்கும் பலகை, அதைக் காக்கும் தாள், சுவரோரம் நிற்கும் ஆள் எல்லாம் சேர்ந்து கூலியைக் கூட்டிவிடும். மண்ணின் விலையைவிட மண்ணைச் சுமக்கும் கூலி அதிகமாவது இந்த ஊரில் வியப்பல்ல. மூலைவீட்டுக்காரரின் செலவை நடுவீட்டுக்காரர் தன் செலவோடு ஒப்பிடக்கூடாது என்பதற்கு இதுவே முதல் காரணம்.

புதிதாக இடித்துக் கட்டிய வீடுகளில் மற்றொரு சங்கதி உண்டு. கட்டுமானக் குத்தகையாளர் போகும்போது சிமெண்டுக் கட்டிகள், உடைந்த ஓடுகள், கம்பித் துண்டுகள் ஆகியவற்றின்மேல் ஒரு சாண் செம்மண்ணை மூடிவிட்டுப் போயிருப்பார். விலைப்புள்ளி கேட்பதற்கு முன் மண்வெட்டியால் இரண்டு மூன்று இடங்களில் முழங்கை ஆழத்துக்கு வெட்டிப் பாருங்கள். உள்ளே கட்டடக் குப்பை இருப்பது வேலை தொடங்கிய பிறகு தெரியவந்தால், அதை அகற்றும் செலவு கூடுதல் வேலையாக, பேரம் பேச இடமில்லாத நேரத்தில் வந்து நிற்கும்.

விலைப்புள்ளியில் என்னென்ன தெளிவாக இருக்கவேண்டும்?

மண் என்றால் எந்த மண், எத்தனை ஆழம், எத்தனை கன மீட்டர். இங்குள்ள குத்தகையாளர்கள் ஏ.எஸ்.எம் என்று எழுதும் கலவை மண்ணும், லாரியில் வரும் சாதாரண மேல்மண்ணும் ஒன்றல்ல. புல் என்றால் எந்தப் புல்; மாட்டுப்புல் எனப்படும் அகன்ற இலைப் புல் சற்று நிழலையும் தாங்கும், விலையும் குறைவு. பிலிப்பைன் புல், சோய்சியா வகைகள் பார்க்க அழகு, ஆனால் முழு வெயில் வேண்டும். இரு வீடுகளுக்கு நடுவே பகலில் மூன்று மணி நேரம் மட்டுமே வெயில் விழும் இடத்துக்கு விலையுயர்ந்த சோய்சியாவைப் பரிந்துரைப்பவரைப் பற்றி நல்ல அபிப்பிராயம் கொள்ள முடியாது.

செடியின் உயரமும் தண்டின் பருமனும் எழுதப்பட்டிருக்கவேண்டும். “செம்பருத்தி 10” என்ற வரிக்கு ஒரு சாண் கன்றும் பொருந்தும், இடுப்பளவுச் செடியும் பொருந்தும். குப்பை அகற்றும் செலவு உள்ளடங்கியதா, பட்டுப்போகும் செடியை எத்தனை வாரத்துக்குள் இலவசமாக மாற்றித் தருவார், அந்தக் காலத்தில் தண்ணீர் ஊற்றும் பொறுப்பு யாருடையது ஆகியவையும் வேண்டும்.

பொருள், சேவை வரி 2024 ஜனவரி 1 முதல் 9 விழுக்காடு. 8,000 வெள்ளி வேலைக்கு அது 720 வெள்ளி. ஆண்டு வருமானம் ஒரு மில்லியன் வெள்ளிக்கு மிகாத சிறு நிறுவனங்கள் இந்த வரிக்குப் பதிவு செய்யவேண்டிய கட்டாயம் இல்லை. பதிவு செய்யாத நிறுவனம் அந்த வரியை வசூலிக்கவும் முடியாது. விலை “வரி சேர்த்தா, சேர்க்காமலா” என்று மட்டும் கேட்காமல், வரிப் பதிவு எண்ணையும் கேளுங்கள்.

வீட்டுத் தோட்டத்தில் இருக்கும் மரம் என்னுடையதுதானே? அதை வெட்ட யாரிடம் கேட்கவேண்டும்?

பூங்கா, மரங்கள் சட்டத்தின்படி, மரப் பாதுகாப்பு வட்டாரத்திலோ காலி நிலத்திலோ இருக்கும், ஒரு மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தைத் தேசியப் பூங்காக் கழகத்தின் ஒப்புதல் இல்லாமல் வெட்டக்கூடாது. மரம் உங்கள் வேலிக்குள் இருந்தாலும், நிலத்தின் பட்டா உங்கள் பெயரில் இருந்தாலும் இதுதான் விதி. மீறினால் 50,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம்.

இத்தகைய வட்டாரங்கள் இரண்டு, 1991ல் அறிவிக்கப்பட்டவை. ஒன்று தீவின் நடு, தென் பகுதிகளில் தங்ளின், புக்கிட் தீமா போன்ற இடங்களை உள்ளடக்கியது. மற்றொன்று சாங்கியின் சில பகுதிகள். தரைவீடுகள் மிகுந்த பேட்டைகள் பல இவற்றுக்கு வெளியே இருப்பதால், “பக்கத்துப் பேட்டையில் என் தங்கை வீட்டில் வெட்டினார்களே, யாரும் கேட்கவில்லையே” என்ற வாதம் அடிக்கடி எழுகிறது. அவர் வீடு எல்லைக்கு வெளியே இருக்கலாம், உங்களுடையது உள்ளே இருக்கலாம். வரைபடத்தைப் பார்த்தோ கழகத்திடம் முகவரியைத் தந்து கேட்டோ உறுதிசெய்துகொள்ளவேண்டும்.

சுற்றளவை அளப்பது எளிது. நிலத்திலிருந்து அரை மீட்டர் உயரத்தில், தையற்காரர் நாடாவைத் தண்டைச் சுற்றிப் பிடித்துப் பார்க்கவேண்டும். மேசைப் பலகை உயரத்திலோ நெஞ்சுயரத்திலோ அளந்து “தொண்ணூற்றைந்து சென்டிமீட்டர்தான்” என்று குத்தகையாளர் சொன்னால், நாடாவை அவரிடமிருந்து வாங்கி நீங்களே கீழே இறக்கி அளவெடுங்கள். ஒரு மீட்டர் சுற்றளவு என்பது விட்டத்தில் முப்பத்திரண்டு சென்டிமீட்டர்தான். வளர்ந்த மாமரம் அதைச் சுலபமாகத் தாண்டியிருக்கும்.

வேலை தொடங்கும் தேதியைக் குறிக்கும் முன்னரே இந்த ஒப்புதலைக் கேட்டுவிடவேண்டும். மரத்தில் நோயோ பொந்தோ இருந்தால் சான்றிதழ் பெற்ற மர வல்லுநரின் அறிக்கை விண்ணப்பத்துக்கு வலுச் சேர்க்கும். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. வெட்ட அனுமதி கிடைத்தாலும், பதிலுக்கு வேறு மரம் நடும்படி நிபந்தனை வரலாம். வீட்டையே இடித்துக் கட்டுபவர்கள் இந்த வேலையைத் தங்கள் கட்டடக் கலைஞரிடம் திட்ட விண்ணப்பத்தோடு சேர்த்து ஒப்படைப்பதே வசதி.

ஆர்கேடியா சாலை, லிம் சூ காங் சாலை, மண்டாய் சாலை, மவுண்ட் பிளெசண்ட் சாலை, சவுத் புவன விஸ்தா சாலை ஆகிய ஐந்தும் மரபுடைமைச் சாலைகள். அவற்றின் இருபுறமும் பத்து மீட்டர் பசுமைப் பட்டை காக்கப்படுகிறது. அங்கே சுற்றளவுக் கணக்குப் பேசுவதற்கே இடமில்லை, முதலில் கழகத்தைக் கேட்கவேண்டும்.

வாயிலுக்கு வெளியே, சாலையோரப் புல்வெளியில் செடி நட்டால்?

அது அரசு நிலம். உங்கள் மதிலை ஒட்டியிருப்பதால் அது உங்களுடையதாகிவிடாது. சாலையோர மரத்தின் கிளை காருக்குமேல் தொங்கினாலும் குத்தகையாளரைக் கொண்டு வெட்டக்கூடாது. தேசியப் பூங்காக் கழகத்திடம் சொன்னால் அவர்களே வந்து பார்ப்பார்கள். அந்தப் புல்வெளியில் கல் பதித்துக் கார் நிறுத்த இடம் செய்வதும், வடிகாலை மூடித் தொட்டி வைப்பதும் இன்னும் பெரிய தொல்லைகளைக் கொண்டுவரும்.

மதிலைச் சற்று உயர்த்திக்கொள்ளலாமா?

தரைவீட்டு மதிலின் உயரம் 1.8 மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் விதி. தோட்டத்தை மண் நிரப்பி உயர்த்தப்போகிறீர்கள் என்றால் கேள்வி வேறாகிவிடும். அண்டை வீட்டுப் பக்கம் மண்ணைத் தாங்குவது சாதாரண வேலிச் சுவரா, தடுப்புச் சுவரா என்பதைப் பொறியாளர்தான் சொல்லவேண்டும். மழை நாளில் உங்கள் தோட்டத்துத் தண்ணீர் அவர் வீட்டுக்குள் போனால், சுவரின் உயரத்தைப் பற்றிய பேச்சே எழாது, சண்டைதான் எழும். மொட்டைமாடித் தோட்டத்துக்கும் பொறியாளர் தேவை. நனைந்த மண் கன மீட்டருக்கு ஒன்றரை டன்னுக்குக் குறையாத எடையுள்ளது. முப்பது சென்டிமீட்டர் ஆழத் தொட்டி, சதுர மீட்டருக்கு அரை டன் சுமையைத் தளத்தின்மேல் ஏற்றிவிடும்.

நம்மூர்த் தம்பி ஒருவர் ஞாயிற்றுக்கிழமையில் வந்து பாதி விலைக்குச் செய்து தருகிறேன் என்கிறார். பயன்படுத்திக்கொள்ளலாமா?

கூடாது. தமிழ் பேசும் வீடுகளில் இந்தக் கேள்வி பலமுறை வருவதற்குக் காரணம் புரிகிறது. தோட்ட வேலைக்கு வருபவர்களில் தமிழ்நாட்டுத் தம்பிகள் பலர். பேசிப் பழகி, சாப்பாடு கொடுத்து, ஊர் விசாரித்த பிறகு அப்படியொரு ஏற்பாடு இயல்பாகத் தோன்றும். ஆனால் வேலை அனுமதிச் சீட்டில் குறிக்கப்பட்ட முதலாளிக்கு மட்டுமே அவர் வேலை செய்யலாம். உரிய அனுமதியின்றி வெளிநாட்டவரை வேலைக்கு வைப்பவருக்கு 5,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதமோ, 12 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். தம்பிக்கோ வேலையும் போய், ஊருக்கும் திரும்பவேண்டியிருக்கும். முகவருக்குக் கட்டிய கடன் மட்டும் மிஞ்சும். அவருக்கு உதவ விரும்பினால் அவருடைய நிறுவனத்துக்கு வேலையைக் கொடுத்து, அவரையே அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

முறையான நிறுவனத்தின் விலை ஏன் கூடுதலாக இருக்கிறது என்பதற்கும் இதில் பாதி விடை இருக்கிறது. வெளிநாட்டு ஊழியருக்கான தீர்வை, தங்குமிடம், உடலுழைப்பு ஊழியர் ஒவ்வொருவருக்கும் எடுக்கவேண்டிய வேலைக் காயக் காப்புறுதி, உள்ளூர் ஊழியர்களுக்கான படிநிலைச் சம்பளம் (திறனுக்கேற்ப உயரும் குறைந்தபட்சச் சம்பளம்) எல்லாம் அந்த விலைக்குள் இருக்கின்றன. மூன்று மீட்டருக்கு மேலிருந்து ஒருவர் விழக்கூடிய வேலைக்கு வேலையிடப் பாதுகாப்பு விதிகளின்படி முன்கூட்டியே எழுத்து அனுமதி முறை தேவை. மாமரத்தில் ஏணி சாய்த்து, கயிறு கட்டாமல் ஒருவரை ஏற்றிவிடும் நிறுவனம் மலிவாக வேலை செய்வதற்குக் காரணம் தேடவேண்டியதில்லை.

மாதாந்தரப் பராமரிப்புக் குத்தகை தேவைதானா?

ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊரில் புல் நிற்காமல் வளரும். நீங்களே வெட்டத் தயாராக இல்லையென்றால் மாதம் இரண்டு வருகையாவது வேண்டும். ஆனால் ஆண்டுக் குத்தகையில் கையெழுத்திடுவதற்கு முன் முதல் மூன்று மாதத்துக்கு மட்டும் ஒப்புக்கொண்டு பாருங்கள். குளம், தொட்டி, மூங்கில் வெட்டிய முனை ஆகியவற்றில் தண்ணீர் தேங்குவதைக் கவனிப்பதும் வேலையில் அடக்கம் என்று எழுதி வாங்குங்கள். கொசு முட்டையிட்டிருந்தால் வீட்டுக்காரருக்குத்தான் 200 வெள்ளி அபராதச் சீட்டு வரும், தோட்டக்காரருக்கு அல்ல.

வீவக வீட்டு நடைபாதையில் செடி வைக்கலாமா?

வைக்கலாம், நடந்து போக 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்கவேண்டும். வெளிப்புறச் சுவரின் மேல் தொட்டி வைப்பது ஆபத்து, அதைச் செய்யவே கூடாது. இடம் போதாதவர்களுக்குத் தேசியப் பூங்காக் கழகம் பூங்காக்களில் தோட்டப் பாத்திகளை வாடகைக்கு விடுகிறது: இரண்டரை மீட்டருக்கு ஒரு மீட்டர் பாத்தி, மூன்று ஆண்டு வரை. கீரையும் வெண்டையும் போடுவதற்கு அது தாராளம்.

கூட்டுரிமை வீட்டின் தரைத்தள முற்றத்துக்கு?

முதலில் நிர்வாகக் கழகத்தின் துணைவிதிகளைப் படியுங்கள். முற்றத்துக்குக் கூரை போடுவதற்கு அவர்களுடைய சம்மதம் மட்டும் போதாது, நகர மறுசீரமைப்பு ஆணையமும் சம்பந்தப்படும். எல்லையோரமாக நடப்பட்ட மரங்கள் கட்டட அனுமதியின் நிபந்தனையாக வைக்கப்பட்டவையாக இருக்கக்கூடும் என்பதால், காட்சியை மறைக்கிறது என்று அவற்றைத் தொடவேண்டாம்.

முன்பணம் வாங்கிக்கொண்டு வேலையைப் பாதியில் விட்டுவிட்டால்?

முன்பணத்தைச் சிறிதாக வைத்து, மண் வேலை முடிந்ததும் ஒரு பகுதி, நடவு முடிந்ததும் ஒரு பகுதி, செடிகள் வேர்பிடித்த பின் மிச்சம் என்று தவணை பிரித்துக்கொள்வதே பாதுகாப்பு. பாதித் தொகையை முதல் நாளே கேட்பவர், அதைக் கொண்டு முந்தைய வாடிக்கையாளரின் செடிகளை வாங்கப்போகிறார் என்று சந்தேகிக்க இடமுண்டு.

தகராறு முற்றினால், 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைச் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குக் கொண்டுபோகலாம். இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் 30,000 வெள்ளி வரை. இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்கவேண்டும். வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே பேசலாம். கையெழுத்திட்ட விலைப்புள்ளி, பணம் செலுத்திய ரசீதுகள், வாட்ஸ்அப் உரையாடல், தேதியோடு எடுத்த புகைப்படங்கள் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்துக்கொண்டு போங்கள்.

ஊரிலிருந்து மல்லிகைக் கன்றும் கறிவேப்பிலைக் கன்றும் கொண்டுவந்து குத்தகையாளரிடம் நடச் சொல்லலாமா?

இந்தியாவிலிருந்து கன்று கொண்டுவரத் தேசியப் பூங்காக் கழகத்தின் இறக்குமதி அனுமதியும், அங்கிருந்து தாவர நலச் சான்றிதழும் வேண்டும். பெட்டிக்குள் சேலைக்கு நடுவே சுருட்டி வந்தால் சாங்கியில் பிடிபடும். தாம்சன் சாலை நர்சரிகளில் இரண்டுமே கிடைக்கும். கறிவேப்பிலையை மட்டும் வெயில் நன்றாக விழும், தண்ணீர் தேங்காத மேட்டில் வைக்கச் சொல்லுங்கள்.